ஒரு தாய், மூன்று பெயர்கள்: 'அமர் அக்பர் அந்தோனி'யில் முஸ்லிம் யார்?

சிரிப்புப் படங்களை ஆய்வுக்கு எடுப்பவர்கள் எங்கட ஆட்களில் குறைவு. 'கரம் ஹவா'வைப் பற்றிக் கதைப்போம். பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவில் ஒரு முஸ்லிம் குடும்பம் படும் பாட்டை எம்.எஸ். சத்யு கனமாக எடுத்த படம் அது. 'முகலே ஆஸம்' பற்றிக் கேட்டால் வயதானவர்கள் வசனத்தோடு சொல்லுவார்கள். ஆனால் வீட்டில் உம்மா, வாப்பா, பிள்ளைகள் என்று எல்லோரும் ஒன்றாக இருந்து வயிறு குலுங்கச் சிரித்த படத்தை யாரும் கட்டுரைக்குரிய பொருளாக நினைப்பதில்லை. கனமான படத்தைப் பார்க்கும்போது மனம் விழிப்பாக இருக்கும். சிரிக்கும்போது அந்த விழிப்பு தளர்ந்து விடும். அந்த நேரத்தில் உள்ளே போகிற உருவம்தான் நெடுநாள் தங்குகிறது. ஒரு சமூகத்தைப் பற்றி இன்னொரு சமூகம் வைத்திருக்கும் எண்ணத்தில் பெரும்பகுதி பாடப்புத்தகத்தால் வந்ததில்லை. பாட்டாலும் பகிடியாலும் வந்தது.

அதனால் 1977 மே மாதம் வெளிவந்த ஒரு ஹிந்திப் படத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயர் 'அமர் அக்பர் அந்தோனி'. இயக்கியவர் மன்மோகன் தேசாய். கதை அவருடைய மனைவி ஜீவன்பிரபா தேசாயுடையது. திரைக்கதை பிரயாக் ராஜ். வசனம் காதர் கான். பாடல்கள் ஆனந்த் பக்ஷி. இசை லக்ஷ்மிகாந்த் – பியாரேலால். வினோத் கன்னா, ரிஷி கபூர், அமிதாப் பச்சன் மூவரும் மூன்று சகோதரர்கள். இந்தப் படத்துக்காக அமிதாப் பச்சனுக்குச் சிறந்த நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. பின்னர் இதைப் பற்றித் தனி நூல்களே வந்தன. 2013இல் பத்திரிகையாளர் சித்தார்த் பாட்டியா ஒன்று எழுதினார். மூன்று அமெரிக்கப் பேராசிரியர்கள் சேர்ந்து எழுதிய இன்னொன்றை 2016இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. ஒரு மசாலாப் படத்துக்கு இது பெரிய மரியாதைதான்.

என் கேள்வி சிறியது. இந்தப் படம் முஸ்லிமுக்கு ஓர் இடம் கொடுத்தது. அது என்ன இடம்? என்ன நிபந்தனையோடு கொடுத்தது?

கதை

படம் பார்க்காத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கிஷன்லால் ஒரு சாரதி. முதலாளி ராபர்ட் செய்த குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சிறைக்குப் போகிறான். திரும்பி வரும்போது வீட்டில் பட்டினி. மனைவி பாரதிக்குக் காசநோய். ஏமாற்றிய முதலாளியோடு மோதிவிட்டு, தங்கம் இருக்கும் காரை ஓட்டிக்கொண்டு தப்பி வருகிறான். துரத்துகிறார்கள். மூன்று ஆண் பிள்ளைகளையும் ஒரு பூங்காவில், காந்தி சிலையின் அடியில் விட்டுவிட்டுப் போகிறான். அன்றைய நாள் ஆகஸ்ட் 15, இந்தியாவின் சுதந்திர தினம். திரும்பி வரும்போது பிள்ளைகள் இல்லை. மூத்தவனை ஒரு ஹிந்துப் பொலிஸ் அதிகாரி எடுத்து வளர்க்கிறார், அவன் அமர். நடுவிலானவன் கத்தோலிக்கப் பாதிரியாரிடம் வளர்ந்து அந்தோனி ஆகிறான். கைக்குழந்தையை ஒரு முஸ்லிம் தையற்காரர் எடுத்துக்கொண்டு போகிறார், அவன் அக்பர். தாய்க்கோ மரக்கிளை விழுந்து கண் பார்வை போய்விடுகிறது.

22 வருடங்களுக்குப் பிறகு ஒரு பூக்காரி விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகிறாள். இரத்தம் தேவை. மூன்று இளைஞர்கள் வரிசையாகப் படுத்து இரத்தம் கொடுக்கிறார்கள். தாதி பெயர் கேட்கிறாள்: அமர், அக்பர், அந்தோனி. மூன்று குழாய்களிலும் இரத்தம் மேலே ஏறி ஒரு போத்தலில் சேர்ந்து, அங்கிருந்து கீழே தாயின் உடம்புக்குள் இறங்குகிறது. அப்போதுதான் படத்தின் பெயரும் திரையில் விழுகிறது. பின்னணியில் முஹம்மத் ரபியின் குரல். யாருக்கு யார் என்ன உறவு என்று அந்த நால்வரில் ஒருவருக்கும் தெரியாது; பார்க்கும் எங்களுக்கு மட்டும் தெரியும்.

இரத்தம் இப்படி மேல்நோக்கிப் பாயாது என்று விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர் சிரிப்பார். சிரிக்கட்டும். காந்தி சிலை, சுதந்திர தினம், பிரிந்துபோன பிள்ளைகள், நோயாளித் தாய், அவளுக்குப் பெயரும் பாரதி. இவ்வளவையும் அடுக்கி வைத்தவர் விஞ்ஞானம் சொல்ல வரவில்லை. நாட்டைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறார். பிரிந்தவர்கள் சேர்வது ஹிந்தி சினிமாவில் பழைய சூத்திரம்தான். 1943இல் வந்த 'கிஸ்மத்'திலும் 1965இல் வந்த 'வக்த்'திலும் அது இருக்கிறது. பிள்ளைகளை மூன்று மதங்களுக்குப் பிரித்துக் கொடுத்ததுதான் இங்கே புதுசு.

அந்த வருடம்

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை இந்தியாவில் அவசரகால நிலை இருந்தது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. கிஷோர் குமார் அரசாங்கத்தின் சொல்லுக்கு இணங்காததால் அவருடைய பாட்டுகளை அகில இந்திய வானொலி ஒலிபரப்பாமல் நிறுத்தியது. 1976 ஏப்ரலில் பழைய தில்லியின் துர்க்மான் கேட் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டன; எதிர்த்தவர்கள் மீது பொலிஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். கட்டாயக் கருத்தடை பற்றிய பயமும் அதே காலத்தில் முஸ்லிம் குடியிருப்புகளில் பரவியிருந்தது. 1977 மார்ச் தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். இரண்டு மாதம் கழித்து இந்தப் படம் வந்தது.

மன்மோகன் தேசாய் அரசியல் படம் எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஒரே வருடத்தில் அவருடைய நான்கு படங்கள் வெளிவந்தன. 'தரம் வீர்', 'சாச்சா பத்தீஜா', 'பர்வரிஷ்' மற்ற மூன்றும். எல்லாமே வேடிக்கை, பாட்டு, சண்டை. ஆனால் தியேட்டருக்குள் போய் உட்கார்ந்த முஸ்லிம் ரசிகனுக்கு வெளியே நடந்தது மறந்துபோயிருக்காது. அவன் பெயரைத் தாங்கிய ஒருவன் தலைப்பிலேயே நிற்கிறான். கடைசி வரை சாகவில்லை. அவனை யாரும் துரோகி என்று சொல்லவும் இல்லை. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமா?

அதற்கு முன்னர் ஹிந்திப் படங்களில் முஸ்லிம் இரண்டு இடங்களில் இருந்தான். ஒன்று, முழுவதும் முஸ்லிம் உலகத்திலேயே நடக்கும் படங்கள்: 1960இன் 'சௌத்வீன் கா சாந்த்', 1963இன் 'மேரே மெஹ்பூப்', 1972இன் 'பாகீஸா'. நவாப் வீடு, ஷாயிரி, முக்காடு, பெருமூச்சு. அழகான உலகம்தான், ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு ஹிந்து இருப்பதாகவே அதில் தெரியாது. மற்றது, கதாநாயகனின் உயிர்த் தோழன், அல்லது ஊருக்குப் புத்தி சொல்லும் பெரியவர். 1973இன் 'ஸன்ஜீர்' படத்தில் ஷேர் கான் முதல் வகை. 1975இன் 'ஷோலே'யில் பார்வையற்ற இமாம் சாஹிப் இரண்டாவது வகை. இருவரும் நல்லவர்கள், கதை மட்டும் அவர்களுடையதில்லை. அக்பர் இந்த இரண்டு இடங்களையும் விட்டு வெளியே வந்தவன். பம்பாய்த் தெருவில் ஹிந்துவோடும் கிறிஸ்தவனோடும் தோளோடு தோள் நிற்கும் கதாநாயகர்களில் ஒருவன்.

பெயர்களின் வரிசை

தலைப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வயதுப்படி வரிசை அமர், அந்தோனி, அக்பர். தலைப்பிலோ அக்பர் நடுவுக்கு வந்துவிட்டான். 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஹிந்துக்கள் 82.7 வீதம், முஸ்லிம்கள் 11.2 வீதம், கிறிஸ்தவர்கள் 2.6 வீதம். தலைப்பு அந்த எண்ணிக்கையின் வரிசையில்தான் நிற்கிறது. ஓசைக்காக அப்படி வைத்திருக்கவும் கூடும்; மூன்றும் 'அ'வில் தொடங்குவது காதுக்கு இனிமை. எப்படியோ, மூத்தவன் ஹிந்து, அவனே பொலிஸ் இன்ஸ்பெக்டர். சட்டம் அவன் கையில். கிறிஸ்தவன் கள்ளச் சாராயம் விற்பவன், நல்ல மனசுக்காரன். முஸ்லிம் கவ்வாலிப் பாடகன். அரசு, தெரு, மேடை என்று பங்கு பிரித்தாயிற்று.

இதே கதை தெற்கே போனபோது பெயர்கள் எப்படி மாறின என்பதும் கவனிக்க வேண்டியது. 1978இல் பி. மாதவன் தமிழில் 'சங்கர் சலீம் சைமன்' எடுத்தார். ரஜினிகாந்த் நடித்த படம். ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று அதே வரிசை. 1980இல் தெலுங்கில் 'ராம் ராபர்ட் ரஹீம்': கிறிஸ்தவர் முன்னுக்கு வந்தார், முஸ்லிம் கடைசிக்குப் போனார். 1982இல் மலையாளத்தில் ஐ.வி. சசி எடுத்தது 'ஜோன் ஜாஃபர் ஜனார்த்தனன்'. அங்கே கிறிஸ்தவர் முதலில், முஸ்லிம் நடுவில், ஹிந்து கடைசியில். கேரளத்தில் மூன்று சமூகங்களும் எண்ணிக்கையில் வலுவாக இருப்பதால் பெரியண்ணன் பெயர் கடைசியில் போனாலும் யாருக்கும் உறுத்தவில்லைப் போலும். இது என் ஊகம்தான். ஆனால் ஒரே கதையில் யார் பெயர் முதலில் வரலாம் என்பதை அந்தந்த மண் தீர்மானிக்கிறது என்று எண்ண இடமிருக்கிறது.

விடுபட்டவர்களையும் சொல்ல வேண்டும். சீக்கியர் நான்காவது சகோதரனாக வரவில்லை. தலித்துகள் எங்கும் இல்லை. மூன்று மதம் என்று கணக்கு வைத்தால் சாதி கண்ணில் படாது; இந்தப் படத்தின் ஒற்றுமை அந்த வசதியின் மேல்தான் நிற்கிறது.

அக்பர் இலாஹாபாதி

தையற்காரர் வளர்த்த பிள்ளை படத்தில் தன்னை அக்பர் இலாஹாபாதி என்று அழைத்துக்கொள்கிறான். உருது இலக்கியத்தோடு பழக்கமுள்ளவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வரும். 1846 முதல் 1921 வரை வாழ்ந்த அக்பர் இலாஹாபாதி உருதுவின் பெரிய அங்கதக் கவிஞர். ஆங்கில ஆட்சியில் நீதிபதியாக வேலை பார்த்துக்கொண்டே ஆங்கில மோகத்தைக் கிண்டல் செய்தவர். பர்தாவைப் பற்றி அவர் எழுதிய வரிகள் உருது உலகம் முழுக்கப் பிரசித்தம். படத்தில் அதே பெயர்க்காரன் மேடையில் நின்று பர்தாவைப் பற்றியே கவ்வாலி பாடுகிறான். வசனம் எழுதிய காதர் கான் உருதுவில் ஊறியவர். இதை எல்லா ரசிகர்களும் பிடித்திருக்க மாட்டார்கள். பிடித்தவர்களுக்கு அது தனி விருந்து. இலாஹாபாத் என்ற ஊர்ப் பெயரே 2018இல் பிரயாக்ராஜ் என்று மாற்றப்பட்டது. இந்தப் படத்தின் திரைக்கதை ஆசிரியர் பெயரும் பிரயாக் ராஜ் என்பது காலம் செய்த ஒரு பகிடி. இன்றைக்கு இந்தப் படத்தை எடுத்தால் அக்பர் தன் பெயருக்குப் பின்னால் எந்த ஊரைப் போடுவான்?

அந்தக் கவ்வாலிக் காட்சியைச் சிலர் குறை சொல்வதுண்டு. முகத்திரை போட்ட பெண்ணைப் பார்த்து, மேடையில் நின்று, சபை நடுவே திரையை விலக்கச் சொல்லிப் பாடுவது என்ன பண்பு என்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் நாட்டில் 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு முகம் மூடுவது அவசரகால ஒழுங்குவிதியால் தடைசெய்யப்பட்ட அனுபவம் இருக்கிறது. ஒரு பெண்ணின் முகத்திரையைப் பற்றி மற்றவர்கள் கூட்டத்தில் நின்று தீர்ப்புச் சொல்லும்போது எப்படி இருக்கும் என்பதை எங்கள் பெண்கள் அறிவார்கள். ஆனால் அந்தக் காட்சியில் பாடுபவனும் முஸ்லிம், பாட்டின் மரபும் முஸ்லிம்களுடையது, அவளும் அவனை விரும்புகிறாள். கவ்வாலியில் திரை என்பது காதலனுக்கும் காதலிக்கும் இடையில் மட்டும் இருப்பதில்லை. அடியானுக்கும் இறைவனுக்கும் இடையிலும் இருப்பது. சூபிப் பாடல்களின் பழைய உருவகம் அது. சினிமா அதைக் கீழே இறக்கிக் காதல் வேடிக்கை ஆக்கியது உண்மை. அதே நேரம் வெளியே இருந்து ஒருவன் வந்து அந்தத் திரையைக் கிழிக்கவில்லை.

ஸல்மாவை நாம் இன்னும் கவனிக்க வேண்டும். அந்த முகத்திரைப் பெண் ஆஸ்பத்திரியில் டொக்டர். தகப்பனோடு வெளியே வரும்போது புர்கா. வேலையில் வெள்ளைக் கோட்டு. இரண்டையும் படம் அடுத்தடுத்துக் காட்டுகிறது; விளக்கம் சொல்லவில்லை, வியக்கவும் இல்லை. படத்தின் மூன்று கதாநாயகிகளில் ஹிந்துப் பெண் லக்ஷ்மி சிற்றன்னையின் கொடுமையால் தெருவில் ஏமாற்றிப் பிழைத்தவள். கிறிஸ்தவப் பெண் ஜென்னி வெளிநாட்டில் படித்து வந்த செல்வச் சீமாட்டி. பட்டம் பெற்றுத் தொழில் செய்பவள் ஸல்மா மட்டும்தான். 1977இல் ஒரு வெகுசனப் படம் இதைச் செய்தது. அதற்குப் பின் வந்த எத்தனை படங்களில் முஸ்லிம் பெண் அழுவதைத் தவிர வேறு வேலை பார்த்தாள் என்று எண்ணிப் பாருங்கள்.

தய்யப் அலியும் சிரிப்பின் விலையும்

ஸல்மாவின் தகப்பன் தய்யப் அலி. நடித்தவர் முக்ரி, குள்ளமான உருவம், பொக்கைச் சிரிப்பு. மகளின் காதலுக்குக் குறுக்கே நிற்கும் முதியவர். அக்பர் அவருடைய வாசலில் நின்று அவரைக் காதலின் எதிரி என்று பாட்டுப் பாடி அவமானப்படுத்துகிறான். அவனோடு சேர்ந்து ஆடுபவர்கள் ஹிஜ்ராக்கள். வீடு தீப்பற்றி எரியும்போது அக்பர் காப்பாற்றிய பிறகுதான் அவர் கலியாணத்துக்குச் சம்மதிக்கிறார்.

கோபக்காரத் தகப்பனைக் கிண்டல் செய்வது எல்லா மொழி நகைச்சுவையிலும் உண்டு. ஆனால் மூன்று காதல் கதைகளில் இப்படி வாசலில் நிறுத்திப் பாட்டாலேயே அடிவாங்கும் தகப்பன் முஸ்லிம் தகப்பன் மட்டும்தான். பாதிரியார் மரியாதைக்குரியவர், பொலிஸ் தகப்பன் மரியாதைக்குரியவர். பழமைக்காரராகவும் கஞ்சத்தனமான மனசுக்காரராகவும் நிற்கும் பாத்திரம் எங்கட பக்கத்துக்கு வந்து விழுந்தது. இளைய முஸ்லிம் நல்லவன், பாடுபவன், காதலிப்பவன். மூத்த முஸ்லிம் தடைபோடுபவன் என்ற பிரிப்பு பின்வந்த படங்களிலும் திரும்பத் திரும்ப வந்தது.

அந்தப் பாட்டில் ஹிஜ்ராக்கள் வரும் இடமும் யோசிக்க வைக்கிறது. அவர்கள் தய்யப் அலியை வெட்கப்படுத்தும் கருவிகள். அவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை, கதை இல்லை. எத்தனை விதமான மனிதர்கள் திரையில் தெரிகிறார்கள் என்று எண்ணினால் இந்தப் படம் பணக்காரப் படம். எத்தனை பேருக்குப் பெயரும் வாயும் இருக்கிறது என்று எண்ணினால் கணக்கு சுருங்கிவிடும். அவர்களை மூன்றாம் பாலினமாக இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 2014இல்தான். முஸ்லிம்களாகிய நாங்கள் எங்கள் பிரதிநிதித்துவத்தைப் பற்றிக் கேட்கும்போது, எங்கட கதாநாயகன் யாரைப் பக்கத்தில் வைத்துச் சிரிப்பு உண்டாக்கினான் என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

நீதிக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குற்றத்தை இந்தப் படம் ஒரு மதத்தின் கணக்கில் எழுதவில்லை. வில்லன் ராபர்ட் கிறிஸ்தவன். பின்னாளில் பெரிய கடத்தல்காரன் ஆகும் கிஷன்லால் ஹிந்து. சட்டத்துக்கு வெளியே பிழைத்த லக்ஷ்மியும் ஹிந்து. முஸ்லிம்களில் குற்றவாளியாக மனசில் நிற்பவர் ஒருவரும் இல்லை. 1990களுக்குப் பிறகு வந்த ஹிந்திப் படங்களில் துப்பாக்கியோடு நின்ற தாடிக்காரர்களை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

திரைக்குப் பின்னால் யார்

நடித்தவர்களைப் பார்த்தால் இன்னொரு கதை கிடைக்கும். முஸ்லிம் அக்பர் ரிஷி கபூர். முஸ்லிம் ஸல்மா நீத்து சிங். ஹிந்து லக்ஷ்மியாக நடித்தவர் ஷபானா ஆஸ்மி, கவிஞர் கைஃபி ஆஸ்மியின் மகள். கிறிஸ்தவ ஜென்னியாக நடித்தவர் ஜுனாகத்தில் பிறந்த பர்வீன் பாபி. அக்பருக்குப் பின்னணி பாடியவர் முஹம்மத் ரபி. வசனம் எழுதிய காதர் கான் பம்பாய் பைகுல்லாவில் சாபு சித்தீக் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பம்பாய்த் தெருப் பேச்சை அந்தோனியின் வாயில் வைத்தவர். அந்தோனி கொன்சால்வஸ் என்ற பெயரோ இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த கோவாக்கார ஆசிரியரின் பெயர். மாணவன் ஆசிரியருக்குக் கொடுத்த மரியாதை ஒரு படத்தில் பாட்டாகி உலகம் சுற்றியது. ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

திரையில் தெரியும் மதம் ஒன்று. அதை உண்டாக்கிய கைகளின் மதம் வேறு. பம்பாய் சினிமாவின் கூட்டு வாழ்வு கதையில் இருந்ததைவிட வேலைத்தளத்தில் கூடுதலாக இருந்தது. யார் யாராக நடிக்கலாம் என்று இன்றைக்குச் சூடாக விவாதம் நடக்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் மதத்தவராகவே நடிக்க வேண்டும் என்று கட்டினால் ஷபானா ஆஸ்மிக்கும் பர்வீன் பாபிக்கும் கிடைத்த பாத்திரங்கள் குறைந்திருக்கும். அதே நேரம், முஸ்லிம் கதாநாயகனாக ஒரு முஸ்லிம் நடிகர் ஏன் வரவில்லை என்ற கேள்வியையும் மூடிவைக்கத் தேவையில்லை.

இந்தக் குரல்கள் எங்களுக்கும் தூரத்துக் குரல்கள் இல்லை. ஹிந்திப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்திய 'பினாகா கீத்மாலா'வை அமீன் சயானி 1952இலிருந்து நடத்தியது இலங்கை வானொலியின் அலைவரிசையில்தான். இந்தியா கேட்ட ஹிந்திப் பாட்டு கொழும்பிலிருந்து போனது.

இரத்தமா, வளர்ப்பா?

இப்போது நிபந்தனைக்கு வருகிறேன். அக்பரை இந்தப் படம் சகோதரன் என்று சொல்வது ஏன்? அவன் உண்மையில் பாரதியின் மகன் என்பதால். ஒரு ஹிந்துத் தாயின் இரத்தம் அவனிலும் ஓடுவதால். எல்லோரும் ஒரு தாய் மக்கள் என்பது இனிய சொல். ஆனால் அதை இப்படிக் கதையாக்கும்போது, முஸ்லிம் என்பவன் வழிதவறிப் போன ஹிந்துக் குழந்தை என்று வாசிக்க ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது. தையற்காரரின் சொந்த மகனாகவே அக்பர் பிறந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனுக்கு இடம் இருந்திருக்குமா? படம் இதற்குப் பதில் சொல்லவில்லை.

பார்வையற்ற தாய்க்குக் கண் திரும்பும் காட்சியும் இதோடு சேர்ந்தது. ஷிர்டி சாயி பாபா கோயிலில் அக்பர் பாடிக்கொண்டிருக்கும்போது சிலையின் கண்களிலிருந்து இரண்டு ஒளிகள் வந்து அவள் கண்களில் சேருகின்றன. 1918இல் இறந்த சாயி பாபா ஒரு பள்ளிவாசலில் வாழ்ந்தவர், இரு சமூகத்தாரும் தங்களவர் என்று சொன்னவர் என்பது சரித்திரம். தேசாய் இணைப்புப் பாலமாக அவரைத் தேர்ந்தது தற்செயலாக இருக்காது. இருந்தாலும் ஒரு முஸ்லிம் பாத்திரம் சிலையின் முன் நின்று பாடுவதை எங்கள் அகீதாவோடு பொருத்த முடியாது. பாலம் கட்டும்போது ஒரு பக்கத்து ஆளே கூடுதலாக நடந்து வர வேண்டியிருக்கிறது. அமர் பள்ளிவாசலில் தொழுவதாக ஒரு காட்சியும் படத்தில் இல்லை.

பிள்ளையைப் பிரிந்து கண்ணிழந்த பெற்றோர், பிறகு பார்வை திரும்புவது: இது எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஸூரா யூஸுஃபில் யஃகூப் (அலை) மகனைப் பிரிந்த துயரத்தில் பார்வை இழந்ததும், யூஸுஃப் (அலை) அனுப்பிய சட்டையால் அது திரும்பியதும் வருகிறது. யோசேப்பின் கதை பைபிளிலும் உண்டு. மூன்று சமூகங்களும் ஒரே தியேட்டரில் இருந்து கண்ணீர் விட முடிந்ததற்கு, பிரிந்தவர் கூடும் கதை எல்லோருடைய வீட்டிலும் ஏற்கெனவே இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உயர்தர வகுப்பில் பாத்திரப் படைப்புப் பற்றிப் படிப்பிக்கும்போது இந்தக் கதையைச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேட்டேன்: "அக்பர் யாருடைய பிள்ளை?" பெரும்பாலானோர் "பெத்த உம்மாடதானே சேர்" என்றார்கள். ஒரு மாணவி மட்டும், "அப்ப அந்தத் தையல்காரர் 22 வருஷம் சும்மாவா சோறு போட்டார்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் பட்டது.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு மக்காவுக்கு வந்தவர். தகப்பன் ஹாரிஸா தேடி வந்து மீட்டுப் போகக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தெரிவை ஸைதிடமே விட்டார்கள். ஸைத் பெற்ற தகப்பனோடு போகவில்லை; வளர்த்தவரிடமே தங்கினார். அதன் பின் அவரை ஸைத் இப்னு முஹம்மத் என்று அழைத்தார்கள். பிறகு ஸூரா அல்-அஹ்ஸாபின் வசனம் இறங்கியது: வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தகப்பன்மாரின் பெயராலேயே அழைக்க வேண்டும், தகப்பன் யார் என்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கத்தில் சகோதரர்கள். அவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். அன்பில் குறைவு வரவில்லை. வம்சத்தை மறைக்கவும் கூடாது, வளர்த்த உறவை அறுக்கவும் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்றும் முறை இது.

ஒரு மசாலாப் படத்தை இதோடு ஒப்பிடுவது கூடுதல் என்று சிலர் நினைக்கலாம். நான் சம்பவத்தைச் சம்பவத்தோடு ஒப்பிடவில்லை, கேள்வியைத்தான் ஒப்பிடுகிறேன். பெற்றவள் யார் என்று தெரிந்த பிறகு வளர்ந்த வாழ்வு என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கேள்வி. இங்கேதான் தேசாயின் படம் என்னை வியக்க வைக்கிறது. உண்மை வெளியான பிறகு அக்பரை யாரும் பெயர் மாற்றச் சொல்லவில்லை. அந்தோனியைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லை. கடைசிச் சண்டைக்கு மூவரும் வேஷம் போட்டுக்கொண்டு போகிறார்கள். அந்தோனி பாதிரியாராக வருகிறான். அக்பர் ஒரு கிழட்டுத் தையற்காரனாக வருகிறான். தங்களைப் பெற்றவர்களின் உடையை அவர்கள் போடவில்லை, வளர்த்தவர்களின் உடையைப் போட்டார்கள். அந்த மாணவியின் கேள்விக்குப் படம் தன்னை அறியாமலே கொடுத்த பதில் இது. முடிவில் அக்பர் அக்பராகவே ஸல்மாவோடு போகிறான். தாயும் அவனை அக்பர் என்றே ஏற்றுக்கொள்கிறாள்.

இடம் கிடைத்தது, அதற்கு இரத்தம் சாட்சியாகக் கேட்கப்பட்டது. ஆனால் இடம் கிடைத்த பிறகு பெயரைத் திருப்பிக் கேட்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் படத்துக்கு அநியாயம். இரண்டாவதை மட்டும் சொன்னால் எங்களுக்கு அநியாயம். 1983இல் இதே தேசாய் 'கூலி' எடுத்தபோது கதாநாயகன் இக்பால் என்ற முஸ்லிம் தொழிலாளி, கையில் 786 பட்டி. ஆறு வருடத்தில் முஸ்லிம் மூவரில் ஒருவன் என்ற நிலையிலிருந்து தனியே கதையைச் சுமப்பவனாக வந்திருந்தான்.

எங்கட பிள்ளைகள் இன்றைக்குக் கைத்தொலைபேசியில் எத்தனையோ நகைச்சுவைகளைப் பார்க்கிறார்கள். தொப்பி போட்டவர் வந்தால் சிரிப்பு, தாடிக்காரர் வந்தால் பயம் என்று பழகுகிறார்கள். பார்க்காதே என்று சொல்லி நிறுத்துகிற காலம் போய்விட்டது. பார்க்கும்போது மூன்று கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கலாம். இந்த ஆளுக்குப் பெயர் இருக்கிறதா? இவரோடு சேர்ந்து சிரிக்கிறோமா, இவரைப் பார்த்துச் சிரிக்கிறோமா? கதை முடியும்போது இவர் இவராகவே இருக்கிறாரா? அக்பர் மூன்றிலும் தேறுவான். தய்யப் அலி இரண்டாவதில் தோற்பார். பெயரில்லாத அந்த ஹிஜ்ராக்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள்.